அப்போலினாரியோ மாபினியின் அரசியல் சிந்தனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினையும் பிறகு அமெரிக்காவையும் எதிர்த்த பிலிப்பீன்ஸ் புரட்சி என்றதும் பலருக்கு எழுத்தாளர் ஹோசே ரிசாலின் பெயர் நினைவுக்கு வரும். கொஞ்சம் வாசித்தவர்கள் ஆந்திரேஸ் போனிஃபாசியோவையும் எமிலியோ அகினால்டோவையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் புரட்சிக்கு ஓர் அரசியல் தத்துவத்தை எழுதிக் கொடுத்த அப்போலினாரியோ மாபினியைத் தமிழில் படித்தவர்கள் மிகக் குறைவு. அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

மாபினி யார்?

1899 ஜனவரியில் அமைந்த முதல் பிலிப்பீன்ஸ் குடியரசின் பிரதமர். வெளியுறவுத் துறையும் அவரிடமே இருந்தது. 1864 ஜூலை 23 அன்று, பட்டாங்காஸ் மாகாணத்தின் தனாவானை ஒட்டிய தலாகா என்ற சிற்றூரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகள் கொண்ட ஏழை விவசாயக் குடும்பம். மகன் பாதிரியாராக வேண்டும் என்பது தாய் டியோனிசியாவின் ஆசை. தன்னைப் படிக்க வைக்க அவர் வெயில் மழை பாராமல் உழைத்ததையும், அந்த உழைப்பே நோயாகி அவர் உயிரைக் கொண்டுபோனதையும் மாபினி பின்னாளில் தன் நூலின் சமர்ப்பணத்தில் எழுதினார்.

மகன் பாதிரியாராகவில்லை. மணிலாவில் சான் ஹுவான் தே லெத்ரான் கல்லூரியிலும், பிறகு சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்திலும் படித்து 1894-இல் சட்டப் பட்டம் பெற்றார். 1896-இன் தொடக்கத்தில் இரு கால்களும் செயலிழந்தன. அவர் புரட்சி அரசில் ஆற்றிய பணி முழுவதும் அதற்குப் பிறகுதான். 1903 மே 13 அன்று மணிலாவில் காலராவில் இறந்தபோது வயது 38.

அவர் தொடக்கத்திலிருந்தே புரட்சிக்காரரா?

இல்லை. தொடக்கத்தில் அவர் சீர்திருத்தவாதி. ரிசால் 1892-இல் தொடங்கிய ‘லீகா பிலிப்பீனா’ அமைப்பில் சேர்ந்தார். ரிசால் நாடு கடத்தப்பட்ட பின் அது மீண்டும் உயிர்பெற்றபோது அதன் செயலாளரானார். ஸ்பெயினில் இருந்த பிலிப்பீன்ஸ்காரர்கள் நடத்திய ‘லா சொலிடாரிடாட்’ பத்திரிகைக்குப் பணம் திரட்டி அனுப்பினார். ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம், சட்டத்தின் முன் சமத்துவம், ஊர்களை ஆட்டிப்படைத்த ஸ்பானியத் துறவியரின் பிடியிலிருந்து விடுதலை ஆகியவைதான் அந்தக் குழுவின் கோரிக்கைகள். போனிஃபாசியோ தொடங்கிய ‘கத்திபூனான்’ என்ற இரகசியப் புரட்சிச் சங்கத்தில் அவர் சேரவில்லை.

1896 ஆகஸ்டில் கத்திபூனான் கிளர்ந்தெழுந்ததும், சேராதவர்களையும் சேர்த்துப் பிடித்தது காலனி அரசு. அக்டோபரில் மாபினியும் கைதானார். நடக்க முடியாதவர் என்பதால் சுட்டுக் கொல்லாமல் மருத்துவமனையில் காவலில் வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று ரிசால் சுட்டுக் கொல்லப்பட்டார். மன்றாடிக் கேட்டவனையும் வாளெடுத்தவனையும் ஒரே சுவரின் முன் நிறுத்தும் அரசிடம் இனி எதைக் கேட்பது? மாபினியின் பிந்தைய எழுத்து முழுவதிலும் இந்தக் கேள்வியின் நிழல் இருக்கிறது.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கருதினார்?

அவருடைய அரசியல் சிந்தனைக்கு இதுதான் நுழைவாயில். 1898-இல் அவர் எழுதிய ‘மெய்யான பத்துக் கட்டளைகள்’ என்ற சிறு படைப்பில் ஏழாவது கட்டளை, நீயும் உன் நாட்டு மக்களும் தேர்ந்தெடுக்காத எவருடைய அதிகாரத்தையும் உன் நாட்டில் ஏற்காதே என்கிறது. அதற்கு அவர் சொல்லும் காரணம் இப்படிப் போகிறது: எல்லா அதிகாரமும் கடவுளிடமிருந்து வருகிறது. கடவுள் ஒவ்வொரு மனிதனின் மனச்சாட்சியிலும் பேசுகிறார். ஆகவே ஒரு மக்கள் கூட்டத்தின் மனச்சாட்சி யாரைச் சுட்டிக்காட்டுகிறதோ அவர் மட்டுமே அதிகாரத்தை முறையாகக் கையாள முடியும்.

இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அதிகாரம் கடவுளிடமிருந்து வருகிறது என்பது ஸ்பானியத் துறவியர் மூன்று நூற்றாண்டுகளாகப் போதித்த பாடம். மாபினி அதை மறுக்கவில்லை. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே நின்ற பாதிரியாரையும் அரசரையும் மட்டும் விலக்கிவிட்டு, அந்த இடத்தில் மனச்சாட்சியை வைத்தார். எதிரி கற்றுக்கொடுத்த முதல் வாக்கியத்திலிருந்தே எதிரிக்கு ஆகாத முடிவுக்கு வந்து சேர்ந்தார். சாந்தோ தோமாஸில் டொமினிக்கன் சபையார் கற்பித்த இயற்கைச் சட்டக் கோட்பாடும் ஐரோப்பிய அறிவொளிக் கால மக்கள் இறையாண்மைக் கோட்பாடும் அவரிடம் இப்படித்தான் சேர்ந்தன.

எட்டாவது கட்டளை இதிலிருந்து நேராக வருகிறது: குடியரசுக்காகப் பாடுபடு, முடியாட்சிக்காக ஒருபோதும் அல்ல. முடியாட்சி ஒரு குடும்பத்தையோ சில குடும்பங்களையோ உயர்த்தும்; குடியரசு ஒரு மக்களையே பகுத்தறிவால் மேன்மையும், சுதந்திரத்தால் பெருமையும், உழைப்பால் வளமும் பெறச் செய்யும்.

சுதந்திரம் என்றால் விரும்பியதைச் செய்வதா?

அவரிடம் இல்லை. நன்மையைச் செய்யும் உரிமைதான் சுதந்திரம். தீமையைச் செய்வதற்கு உரிமை கிடையாது என்கிறார். திருடுகிறவன் அந்த நேரத்தில் சுதந்திரமானவன் அல்ல, தன் ஆசைக்கு அடிமை. அவனைச் சிறையில் அடைப்பது அவன் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு.

இன்றைய வாசகருக்கு இந்த வரையறை சற்று உறுத்தலாம். எது நன்மை என்று யார் தீர்மானிப்பது? எந்த அடக்குமுறை அரசும் இதே வரியை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாமே? அந்த ஆபத்து உண்மையானதுதான். ஆனால் அவர் யாரை மனத்தில் வைத்து எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். விடுவிக்கப்பட்ட ஊர்களில் சில புரட்சி அதிகாரிகளே மக்களிடம் பொருளைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயினை விரட்டியாயிற்று, இனி நம் இஷ்டம் என்று நினைத்த தளபதிகளுக்கு அவர் சொன்ன பதில் இது.

புரட்சி எப்போது நியாயமாகிறது?

அரசியல் புரட்சி என்பது மக்கள் தங்களுக்கு இயற்கையாகவே உள்ள இறையாண்மையைப் பயன்படுத்தி, இருக்கும் அரசைப் பலவந்தமாக நீக்கிப் பகுத்தறிவுக்கும் நீதிக்கும் ஏற்ற வேறோர் அரசை அமைப்பது. அவரது வரையறையின் சாரம் இவ்வளவுதான். அதில் இரண்டு பாதிகள் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். பழைய அரசை இடிப்பது ஒரு பாதி. அதைவிட நியாயமான ஒன்றைக் கட்டுவது மறுபாதி. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவதுக்கு நியாயம் கிடையாது.

படிப்படியான வளர்ச்சியையே அவர் விரும்பினார். மனித இயல்பு மேலும் மேலும் நல்ல வாழ்வை நோக்கி நகர்வது. அரசின் கடமை அந்த நகர்வுக்கு வழிவிடுவது. வழிவிட மறுத்து அரசே அணையாகக் குறுக்கே நின்றால், தண்ணீர் உடைத்துக்கொண்டு போவதற்கு அணை கட்டியவர்தான் பொறுப்பு. ‘பிலிப்பீன்ஸ் புரட்சி’ என்ற தன் நூலில் அவர் ஸ்பெயின் ஆட்சியின் வரலாற்றை இந்தக் கோணத்திலேயே சொல்கிறார். 1872-இல் மூன்று உள்நாட்டுப் பாதிரியார்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றது முதல் ரிசாலின் மரணம் வரை, அமைதியான வழி ஒவ்வொன்றும் எப்படி அடைக்கப்பட்டது என்று வரிசையாகக் காட்டிச் செல்கிறார்.

‘உள்புரட்சி’ என்று அவர் எதைச் சொன்னார்?

பத்துக் கட்டளைகளுக்கு எழுதிய முன்னுரையில், நம் நிறுவனங்களை மட்டும் மாற்றினால் போதாது, நாம் வாழும் விதத்தையும் சிந்திக்கும் விதத்தையும் அடியோடு மாற்ற வேண்டும். புறத்திலும் அகத்திலும் ஒரே நேரத்தில் புரட்சி நடக்க வேண்டும் என்றார். ஒழுக்கக் கல்வியை உறுதியான அடித்தளத்தில் அமைத்து, ஸ்பானியரிடமிருந்து ஒட்டிக்கொண்ட தீய பழக்கங்களைக் கைவிட வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு.

இதை வெறும் ஒழுக்கப் பிரசங்கமாக வாசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே சொன்ன அதிகாரக் கோட்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் காரணம் புரியும். மக்களின் மனச்சாட்சிதான் அதிகாரத்தின் ஊற்று என்றால், அந்த மனச்சாட்சி அச்சத்தாலோ பேராசையாலோ கலங்கியிருக்கும்போது தேர்தல் நடத்தி என்ன பயன்? அவருக்கு ஒழுக்கமும் அரசியலும் இரண்டு தனித்தனிப் பாடங்களாக இல்லை.

கட்டளைகளின் வரிசையும் அதையே காட்டுகிறது. கடவுளையும் உன் மானத்தையும் எல்லாவற்றுக்கும் மேலாக நேசி என்பது முதலாவது. உன் மனச்சாட்சி எந்த வடிவை நேர்மையானதாகக் கருதுகிறதோ அந்த வடிவில் கடவுளை வணங்கு என்பது இரண்டாவது. மத விசாரணைக்குப் பழகிப்போன ஒரு நாட்டில் இது பெரிய சொல். மூன்றாவது, உன் திறமைகளை உழைத்தும் படித்தும் வளர்த்துக்கொள்ளச் சொல்கிறது. நாடு வருவது நான்காவதில்தான். கடவுளுக்கும் மானத்துக்கும் அடுத்து, உன்னைவிட அதிகமாக நாட்டை நேசி என்கிறது அது. தேசியவாதிகளில் பலர் நாட்டை முதலில் வைப்பார்கள், மாபினி வைக்கவில்லை. நாடே தவறு செய்தாலும் மானமுள்ளவன் அதற்குத் துணைபோக வேண்டியதில்லை என்ற இடம் அதில் மறைந்திருக்கிறது.

பத்தாவது கட்டளையும் நின்று படிக்க வேண்டியது. சக நாட்டவனை நண்பனாக, சகோதரனாக, குறைந்தபட்சம் தோழனாகக் கருது என்று சொல்லும்போதே, நாடுகளுக்கு இடையிலான எல்லைகளை இனத்தின், குடும்பத்தின் தன்னலமே எழுப்பிக் காத்துவருகிறது என்கிறார். அந்த எல்லைகள் இருக்கும் வரைதான் இந்தத் தனி ஒற்றுமை. விடுதலைப் போரின் நடுவே நின்று தேசியத்தைத் தற்காலிக ஏற்பாடாகப் பார்க்க முடிந்திருக்கிறது அவரால்.

1898 ஜூன் 12 சுதந்திர அறிவிப்பை அவர் எதிர்த்தாரா? அது எப்படி?

அப்போது அவர் லாஸ் பான்யோஸ் வெந்நீர் ஊற்றுகளில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். ஹாங்காங்கிலிருந்து மே மாதம் திரும்பிய புரட்சித் தலைவர் அகினால்டோ அவரை வரவழைத்தார். வழியிலிருந்த ஊர்களின் ஆட்கள் முறைவைத்துத் தூளியில் சுமந்து அவரைக் கவித்தே மாகாணத்தின் கவித் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அவர் வந்து சேர்ந்த நாளில்தான் அகினால்டோவின் வீட்டில் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது.

மாபினிக்கு இரண்டு ஆட்சேபங்கள். முதலாவது, அம்ப்ரோசியோ ரியான்சாரெஸ் பவுடிஸ்தா எழுதிய அறிவிப்பில் வலிமையும் மனிதாபிமானமும் மிக்க வட அமெரிக்க நாட்டின் பாதுகாப்பின் கீழ் என்ற சொற்கள் இருந்தன. அமெரிக்கா எந்த எழுத்துபூர்வமான வாக்குறுதியும் கொடுக்கவில்லை. தூதரக அதிகாரிகளும் கடற்படைத் தளபதியும் வாய்மொழியாகச் சொன்னதை அகினால்டோ நம்பிவிட்டார். இரண்டாவது ஆட்சேபம் அடிப்படையானது: ஒரு தளபதியும் அவருடைய நண்பர்களும் கூடி அறிவித்தால் அது எப்படி ஒரு நாட்டின் சுதந்திரம் ஆகும்? ஊர்களின் ஒப்புதல் எங்கே?

அவர் சும்மா இருக்கவில்லை. ஜூன் 18 ஆணையின் மூலம் ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடத்த வைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த் தலைவர்கள் ஆகஸ்ட் 1 அன்று பகோரில் கூடிச் சுதந்திரத்தை உறுதிசெய்தார்கள். இடையில், ஜூன் 23 அன்று, ‘சர்வாதிகார அரசு’ என்ற அமைப்பே ‘புரட்சி அரசு’ என்று மாற்றப்பட்டது. ஆண்டுதோறும் கொண்டாடப்படுவது ஜூன் 12. மாபினியின் தர்க்கப்படி ஆகஸ்ட் 1 தான் கனமான நாள்.

அப்படியானால் மாலோலோஸ் காங்கிரசில் ஏன் சட்டமன்றத்துக்கு எதிராக நின்றார்?

இதுதான் மாபினியைப் படிப்பவர்கள் எல்லோரும் தடுக்கிவிழும் இடம். அவரது கோட்பாட்டை முதலில் பார்ப்போம். சமூகத்துக்கு ஓர் ஆன்மா வேண்டும்; அதுதான் அதிகாரம். அந்த ஆன்மாவை வழிநடத்தும் அறிவு சட்டமன்றம். அதை இயங்க வைக்கும் விருப்பாற்றல் நிர்வாகம். தீமையைத் தீர்ப்பிட்டுத் தண்டிக்கும் மனச்சாட்சி நீதித்துறை. மூன்றும் ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று நுழையக் கூடாது. ஆனால் மனிதனுக்குள் விருப்பமும் மனச்சாட்சியும் அறிவுக்குக் கட்டுப்பட்டிருப்பதுபோல், நிர்வாகமும் நீதித்துறையும் சட்டமன்றத்துக்குக் கட்டுப்பட்டவை. எழுத்தில் அவர் சட்டமன்றத்தையே உயர்த்துகிறார்.

1898 செப்டம்பர் 15 அன்று மாலோலோஸ் நகரின் பராசோவாயின் தேவாலயத்தில் புரட்சி அரசின் பிரதிநிதிகள் மன்றமான காங்கிரஸ் கூடியபோது அவரே, இது ஆலோசனை சொல்லும் சபையாக மட்டும் இருக்கட்டும், அரசியலமைப்பு எழுத இது நேரமல்ல என்றார். காங்கிரஸ் கேட்கவில்லை. பெத்ரோ பத்தெர்னோ தலைமையில், ஃபெலிப்பே கால்டெரோன் வரைவு எழுத, அரசியலமைப்பு உருவாகி 1899 ஜனவரி 21 அன்று நடைமுறைக்கு வந்தது. மாபினியும் ஓர் ‘அரசியலமைப்புத் திட்டம்’ எழுதிவைத்திருந்தார், அது ஒதுக்கப்பட்டது.

கால்டெரோனின் வரைவு, மன்றம் கூடாத காலத்திலும் ஒரு நிலைக்குழு மூலம் நிர்வாகத்தைச் சட்டமன்றத்தின் கைக்குள் வைத்தது. ஏன்? படிப்பில்லாத படைவீரர்களின் ஆட்சியைவிட ‘அறிவாளிகளின் சிறுகுழு ஆட்சி’ மேல் என்று கால்டெரோன் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மன்றத்தில் இருந்தவர்கள் யார்? மணிலாவின் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், நிலக்கிழார்கள். பல தொகுதிகளுக்குத் தேர்தலே நடக்காமல் அகினால்டோவே பிரதிநிதிகளை நியமித்திருந்தார். அவர்களில் பலர் சில மாதங்களுக்கு முன்புவரை ஸ்பெயினோடும், சில மாதங்களுக்குப் பின்பு அமெரிக்காவோடும் இருந்தவர்கள்.

ஆகவே மாபினியின் நிலைப்பாட்டுக்கு வலுவான காரணங்கள் இருந்தன. போர் வாசலில் நிற்கிறது; முடிவெடுக்க ஒரு கை வேண்டும்; மக்களின் மனச்சாட்சியைப் பிரதிநிதித்துவம் செய்வதாகச் சொல்லும் மன்றம் உண்மையில் செல்வந்தர் சங்கம். அவர் வற்புறுத்தலின் பலனாக, போர் நீடிக்கும் வரை, மன்றம் கூடாத நேரத்தில் அரசு ஆணைகள் மூலம் நடக்கலாம் என்ற 99-ஆவது பிரிவு சேர்ந்தது. திரைமறைவில் இருந்து ஆட்டுவிப்பவர் என்ற பொருளில், எதிரிகள் அவரைக் குடியரசுத் தலைவர் அகினால்டோவின் ‘இருட்டறை’ என்று அழைத்தார்கள்.

என் தீர்ப்பு: காங்கிரசை அவர் எடைபோட்டது சரி. அகினால்டோவை எடைபோட்டது சரியில்லை. சிறுகுழுவின் ஆட்சிக்கு அஞ்சி அவர் யாருடைய கையைப் பலப்படுத்தினாரோ, அந்தக் கை நான்கு மாதத்தில் அவரையே விலக்கியது.

அவர் மத நம்பிக்கை உள்ளவரா, மத எதிர்ப்பாளரா?

இரண்டும் இல்லை என்று சொல்வதைவிட, நம்பிக்கை உள்ளவர், ஆனால் மதகுருமார் ஆட்சியின் எதிரி என்பது பொருந்தும். ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்திலும் இருந்தார். மாலோலோஸில் அரசும் திருச்சபையும் பிரிந்திருக்க வேண்டும் என்ற பிரிவு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்தக் கொள்கை அவருக்கு உடன்பாடானதே. ஆனாலும் போர் முடியும் வரை அதை நிறுத்திவைக்கச் சொன்னவரும் அவரே. ஸ்பானியத் துறவியரை எதிர்த்துப் புரட்சியோடு நின்ற உள்நாட்டுப் பாதிரியார்களைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது கணக்கு. 1899 அக்டோபரில், ரோமோடு உறவு அறுக்காமலே, பிலிப்பீன்ஸ் குருமார் தங்களுக்கென ஒரு தேசியத் திருச்சபையை அமைத்துக்கொள்ளும்படி அறிக்கை விட்டார். 1902-இல் கிரகோரியோ அக்லிப்பாய் தலைமையில் தனித் திருச்சபை பிறந்தபோது அது ரோமிடமிருந்து முற்றிலும் பிரிந்துபோனது.

அமெரிக்கா தன்னாட்சி தருவதாகச் சொன்னதே. ஏன் ஏற்கவில்லை?

1898 டிசம்பர் 10 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் 2 கோடி டாலருக்குப் பிலிப்பீன்ஸை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அதே மாதம் 21-ஆம் தேதி அதிபர் மெக்கின்லி ‘கருணையோடு இணைத்துக்கொள்ளுதல்’ என்ற அறிவிப்பை வெளியிட்டார். 1899 பிப்ரவரி 4 இரவு மணிலா அருகே போர் மூண்டது. பிறகு மெக்கின்லி அனுப்பிய ஷுர்மன் ஆணையம் வந்தது. மே மாதத்தில் அது முன்வைத்த திட்டப்படி, தலைமை ஆளுநரை அமெரிக்க அதிபர் நியமிப்பார். அமைச்சரவையை ஆளுநர் நியமிப்பார். மக்கள் தேர்ந்தெடுக்கும் ஓர் ஆலோசனைக் குழு இருக்கும்.

அதிகாரம் மக்களின் மனச்சாட்சியிலிருந்து வருகிறது என்று நம்புகிறவர் இந்தத் திட்டத்தில் எதைப் பார்ப்பார்? மேலிருந்து கீழே நியமனங்கள் மட்டுமே. ஆனாலும் மாபினி கதவைச் சாத்திவிடவில்லை. மக்களின் கருத்தைக் கேட்க ஒரு போர்நிறுத்தம் தாருங்கள் என்று கேட்டார், அமெரிக்கர்கள் மறுத்தார்கள். பேசியவர் பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கினார், கேட்டதோ மக்களிடம் கேட்க அவகாசம். வெள்ளையரல்லாத இனத்தவரை வெறுக்கும் நாட்டோடு இணைந்தால் பிறகு போரினால் அன்றிப் பிரிய முடியாது என்று ஏப்ரல் அறிக்கையிலேயே அவர் எச்சரித்திருந்தார்.

காங்கிரசில் செல்வந்தர் தரப்பு தன்னாட்சிக்குத் தயாராக இருந்தது. மே 7 அன்று மாபினி அமைச்சரவை போய், பத்தெர்னோ அமைச்சரவை வந்தது.

தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் போரைத் தொடரலாமா?

இதை அவரிடம் நேரடியாகவே கேட்டார்கள். 1899 டிசம்பர் 10 அன்று நுயேவா எசிஹா மாகாணத்தின் குயாப்போவில் அவர் பிடிபட்டார். 1900-இல் அமெரிக்கத் தளபதி பெல் அவருக்கு எழுதிய கடிதத்தில், வெற்றிக்கு நியாயமான வாய்ப்பு இல்லாத போர் வெறும் குற்றம் என்று வாதிட்டார்.

படைபலத்தால் அமெரிக்காவை வெல்ல முடியாது என்பது பிலிப்பீன்ஸ் மக்களுக்கு நன்றாகவே தெரியும் என்று பதில் எழுதினார் மாபினி. தங்கள் உரிமைகள் எவை என்று அறியும் அளவுக்குத் தங்களுக்கு நாகரிகம் இருக்கிறது என்பதைக் காட்டவே அவர்கள் போரிடுகிறார்கள். சாதுரியமான வாதங்களால் அந்த உரிமைகளை மறைத்துவிட முடியாது. இயற்கை தந்த உரிமைகளுக்காக மனிதன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பாடுபட்டே தீருவான் என்பது அதே கடிதத்தின் இன்னொரு கருத்து.

நீங்கள் இன்னும் சுயாட்சிக்குத் தகுதி பெறவில்லை என்பதுதான் அன்றைய அமெரிக்க வாதம். அதற்குப் பதிலாகப் போரையே சான்றாக முன்வைக்கிறார் மாபினி. அந்தச் சான்றுக்கு மக்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் பெரிதாகப் பேசாதது எனக்குக் குறையாகவே படுகிறது. 1901 ஜனவரியில் அவரைக் குவாம் தீவுக்கு நாடு கடத்தினார்கள். நடக்க முடியாத ஒரு கைதியை மணிலாவில் வைத்திருக்க அமெரிக்க இராணுவ ஆளுநர் ஆர்தர் மெக்ஆர்தருக்கு அச்சம்.

அகினால்டோவைப் பற்றி அவர் என்ன எழுதினார்?

குவாம் சிறையில் எழுதிய ‘பிலிப்பீன்ஸ் புரட்சி’ நூலின் இறுதி இயல்கள் இதற்காகவே வாசிக்கத்தக்கவை. நூலை ஸ்பானிய மொழியில் எழுதி, அங்கேயே ஆங்கிலம் கற்று, தானே ஆங்கிலத்திலும் பெயர்த்தார். புரட்சி தோற்றதற்கு அவர் சொல்லும் காரணம்: அது மோசமாக வழிநடத்தப்பட்டது, அதன் தலைவர் தகுதியான செயல்களால் அல்லாமல் கண்டிக்கத்தக்க செயல்களால் பதவியை அடைந்தார், மக்களுக்கு மிகவும் பயன்படக்கூடியவர்களை ஆதரிக்காமல் பொறாமையால் அவர்களைப் பயனற்றவர்களாக்கினார்.

1897 மே 10 அன்று போனிஃபாசியோ சுட்டுக் கொல்லப்பட்டதை, தனிமனிதப் பேராசை மெய்யான நாட்டுப்பற்றை வென்ற முதல் நிகழ்வாக அவர் பதிவு செய்கிறார். கத்திபூனான் தலைவருக்கு அடங்கி நடக்க வேண்டிய உறுப்பினரே அகினால்டோ. சமரசம் ஒன்றே வழியாக இருந்தபோது அவர் கொலையைத் தேர்ந்தார். 1899 ஜூன் 5 அன்று கபனாதுவானில் தளபதி அந்தோனியோ லூனா அகினால்டோவின் காவலர்களால் கொல்லப்பட்டதையும் இதே கணக்கில் சேர்க்கிறார். லூனாவை ஆதரித்திருந்தால் வென்றிருப்போம் என்று சொல்வது மிகை. ஆனால் பிலிப்பீன்ஸ் வீரத்தின் மீது அமெரிக்கர்களுக்கு மரியாதை கூடியிருக்கும் என்று அளந்து பேசுகிறார்.

வெளிநாட்டு ஆட்சிக்கு எதிராக அவர் வகுத்த அளவுகோல் ஒன்றுதான்: தகுதியும் மக்கள் ஒப்புதலும் இல்லாத அதிகாரம் செல்லாது. அதையே தன் தலைவருக்கும் வைத்தார். சொந்தத் தரப்புத் தலைமையை இவ்வளவு கூர்மையாக விசாரித்த விடுதலைப் போராட்ட நூல்கள் குறைவு. தான் அவருடைய ஆலோசகராக இருந்த மாதங்களில் இதை எவ்வளவு உரக்கச் சொன்னார் என்ற கேள்வியை மட்டும் அந்த நூல் போதுமான அளவு எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் அமெரிக்காவுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தாரே, அது சரணாகதியா?

அகினால்டோ 1901 மார்ச்சில் பிடிபட்டு, ஏப்ரலில் உறுதிமொழி எடுத்துவிட்டார். மாபினி மறுத்தே வந்தார். 1903-இல் அவருக்கு முன்னால் வைக்கப்பட்ட தெரிவு இது: உறுதிமொழி எடுக்காவிட்டால் உலகில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், பிலிப்பீன்ஸுக்கு மட்டும் வர முடியாது. பிப்ரவரி 26 அன்று மணிலா துறைமுகத்தில் உறுதிமொழி எடுத்தார். அதே கப்பலில் வந்த தளபதி ஆர்த்தேமியோ ரிகார்த்தே மறுத்து ஹாங்காங் போய்விட்டார்.

மாபினி அன்று வெளியிட்ட அறிக்கையில், இரண்டு நீண்ட ஆண்டுகளுக்குப் பின் திசை தெரியாதவனாகவும் நோயால் ஏறக்குறைய வீழ்த்தப்பட்டவனாகவும் திரும்புகிறேன். இறப்பதற்காக மட்டுமே இந்தத் தீவுகளுக்குத் திரும்பியிருக்காவிட்டால், ஓய்வுக்கும் படிப்புக்கும் பிறகு இன்னும் ஏதாவது பயன்படலாம் என்று நம்புகிறேன் என்றார். மூன்று மாதத்துக்குள் இறந்தார். இதைச் சரணாகதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்களின் எதிர்ப்பு ஓய்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, ஒருவர் மட்டும் தொலைவில் நின்று காட்டும் பிடிவாதத்தை அவர் தத்துவம் கோரவில்லை.

அவர் கால்கள் செயலிழக்கப் பால்வினை நோய்தான் காரணம் என்கிறார்களே?

பொய். அரசியல் எதிரிகள் பரப்பிய வதந்தி. 1980-இல் அவரது எலும்புகளைத் தோண்டியெடுத்து ஆராய்ந்த மருத்துவர்கள் காரணம் போலியோ என்று கண்டறிந்தார்கள்.

அவர் சிந்தனையில் உள்ள பெரிய குறை எது?

‘மக்கள்’ என்பதில் யார் யார் அடங்குவார்கள் என்பது. அவர் வரைந்த ஜூன் 18 ஆணையின்படி ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, கல்வியாலும் சமூக நிலையாலும் நன்னடத்தையாலும் சிறந்து விளங்கும் குடிகளுக்கு மட்டுமே. ஒவ்வொரு மனிதனின் மனச்சாட்சியிலும் கடவுள் பேசுகிறார் என்று எழுதிய பேனா, அந்த மனச்சாட்சிகளில் சிலவற்றிடம் மட்டும் வாக்குக் கேட்டது. அந்த ஆணைப்படி வாக்களிக்கத் தலாகாவில் அவருடைய தந்தைக்கே தகுதி இருந்திருக்காது. விளைவும் எதிர்பார்க்கத்தக்கதே: ஸ்பெயின் காலத்தில் ஊரை ஆண்ட குடும்பங்களே பல இடங்களில் புதிய பதவிகளில் அமர்ந்தன.

நிலப் பிரச்சினையும் அப்படித்தான். துறவியர் சபைகளின் பெருநிலங்கள் புரட்சிக்கு முக்கியக் காரணம். ஆனால் அந்த நிலத்தில் உழுகிறவனுக்கு அது சேர வேண்டும் என்ற தெளிவான கோட்பாடு மாபினியின் எழுத்தில் மையம் பெறவில்லை. அவர் பார்வை அதிகாரத்தின் நியாயத்தில் நிலைத்திருந்தது. சொத்தின் நியாயத்தைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கே தொடங்கிப் படிக்கலாம்?

‘மெய்யான பத்துக் கட்டளைகள்’ சில பக்கங்கள்தான். அதில் தொடங்குங்கள், முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அடுத்து ‘பிலிப்பீன்ஸ் புரட்சி’. அவசரம் என்றால் தாய்க்கு எழுதிய சமர்ப்பணத்தையும் கடைசி இரண்டு இயல்களையும் முதலில் வாசித்துவிட்டு, முன்னே திரும்பி வரலாம். ‘அரசியலமைப்புத் திட்டம்’ வறண்ட வாசிப்பு. மாலோலோஸ் அரசியலமைப்பைப் பக்கத்தில் வைத்துப் பிரிவு பிரிவாக ஒப்பிட்டால்தான் அதில் சுவை பிறக்கும். கடிதங்களை இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெல்லுக்கு எழுதியது அவற்றில் முதலில் எடுக்க வேண்டியது.